ஜூலையில் 21 நாள், ஒன்பது தேசியப் பூங்காக்கள்: எதை விடுவது, எப்படி ஓட்டுவது

கேள்வியின் சுருக்கம் இது. நியூ ஜெர்சி எடிசனில் வசிக்கும் குடும்பம்: கணவன், மனைவி, நான்காம் வகுப்பை முடிக்கும் 10 வயது மகள், 6 வயது மகன், திருச்சியிலிருந்து விசிட்டர் விசாவில் வந்திருக்கும் 67 வயது அம்மா. அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை உண்டு, முழங்கால் வலியும் உண்டு. ஜூலை 5 முதல் 25 வரை விடுமுறை. பேட்லேண்ட்ஸ், யெல்லோஸ்டோன், கிராண்ட் டீட்டன், ஆர்ச்சஸ், பிரைஸ், ஸையான், கிராண்ட் கேன்யன், டெத் வேலி, யோசெமிட்டி என்று பார்த்துக்கொண்டே கலிபோர்னியா வரை போய்க் காரிலேயே திரும்ப முடியுமா? படுக்கையும் அடுப்பும் உள்ள ஆர்.வி. வண்டி எடுப்பதா, மினிவேனா? சைவச் சாப்பாட்டுக்கு என்ன வழி? பார்ப்பதற்குப் பல கேள்விகள் போலத் தெரிந்தாலும், உண்மையில் கேட்பது ஒன்றுதான்: இந்த 21 நாளுக்காக எதை விடுவது? யூட்டா, அரிசோனா, கலிபோர்னியா மூன்றையும் விட்டுவிடுங்கள் என்பது என் பதில். ஜூலையில் வடக்கே போங்கள், பாலைவனத்தை ஏப்ரலுக்கோ அக்டோபருக்கோ ஒத்திவையுங்கள்.

முதல் காரணம் கணக்கு. நீங்கள் போட்ட பட்டியல் போக வர ஏறத்தாழ 7,500 மைல் வரும். மணிக்கு 55 மைல் சராசரி கிடைத்தாலும் 136 மணி நேரம் ஓட்ட வேண்டும். அதை 21 ஆல் வகுத்தால் ஒரு நாள் தவறாமல் ஆறரை மணி நேரம், யெல்லோஸ்டோனில் தங்கியிருக்கும் நாட்களும் சேர்த்து. மேப் காட்டும் நேரத்தில் பெட்ரோல், கழிப்பறை, சாப்பாடு, பையனின் வாந்தி எதுவும் சேராது. குழந்தைகளும் பெரியவரும் இருக்கும் வண்டிக்கு மேப் நேரத்தோடு கால் பங்கு கூட்டிக்கொள்வது வழக்கம். போதாக்குறைக்கு, எடிசனிலிருந்து பேட்லேண்ட்ஸ் வரையிலான சுமார் 1,650 மைலை எந்தப் பட்டியல் போட்டாலும் குறைக்க முடியாது. போக நான்கு நாள், திரும்ப நான்கு நாள். மீதி 13 நாளில் ஒன்பது பூங்கா என்றால் ஒவ்வொன்றின் வாசல் பலகையோடு ஒரு படம்தான் மிஞ்சும்.

இரண்டாவது காரணம் வெயில். ஜூலையில் ஆர்ச்சஸ் பக்கத்து மோஆபிலும் ஸையான் பள்ளத்தாக்கிலும் பகல் வெப்பம் 100 பாரன்ஹீட்டை, அதாவது 38 செல்சியஸை, ஒட்டியே இருக்கும். திருச்சி வெயிலைப் பார்த்தவருக்கு இது பெரிதாகப் படாது. ஆனால் இது வறண்ட வெயில். வியர்வை வந்த நொடியே காய்ந்துவிடுவதால் உடம்பிலிருந்து எவ்வளவு தண்ணீர் போனது என்றே தெரியாது, தலை சுற்றும்போதுதான் தெரியும். சில வகை ரத்த அழுத்த மாத்திரைகள் சிறுநீரை அதிகப்படுத்துபவை. அம்மா எடுப்பது அந்த வகையா என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். டெத் வேலியை ஜூலையில் குழந்தைகளோடு யோசிக்கவே வேண்டாம். 1913 ஜூலையில் பதிவான 134 பாரன்ஹீட் அங்கேதான். கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு சுமார் 7,000 அடி உயரத்தில் இருப்பதால் மேலே தாங்கலாம், பிரைஸும் உயரமான இடம்தான். ஆனால் அந்த இரண்டுக்காக மட்டும் அவ்வளவு தூரம் தெற்கே இறங்குவது இந்தப் பயணத்துக்குக் கட்டுப்படியாகாது.

ஆகவே நான் போடும் பாதை: எடிசன், ஓஹையோ, சிகாகோவின் மேற்கே, சூ ஃபால்ஸ், பேட்லேண்ட்ஸ், பிளாக் ஹில்ஸ், பிக்ஹார்ன் மலை, கோடி (Cody) என்ற ஊர், யெல்லோஸ்டோன், கிராண்ட் டீட்டன், தெற்கு வயோமிங், கொலராடோவின் ராக்கி மவுண்டன், பிறகு நெப்ராஸ்கா, ஐயோவா வழியாக வீடு. சுற்றல்களோடு சுமார் 5,000 மைல். பேட்லேண்ட்ஸில் ஒரு இரவு, பிளாக் ஹில்ஸில் இரண்டு, கோடி போகும் வழியில் ஒன்று, கோடியில் ஒன்று, யெல்லோஸ்டோனில் நான்கு, டீட்டனில் இரண்டு, வழியில் ஒன்று, ராக்கி மவுண்டன் வாசலில் இருக்கும் எஸ்டஸ் பார்க் ஊரில் இரண்டு. மீதி எல்லாம் நெடுஞ்சாலை இரவுகள். நான்கு பூங்காதான், ஆனால் நான்கையும் நிதானமாகப் பார்க்கலாம். ஓட்டுவதே பிடிக்காது என்றால் டென்வருக்கோ சால்ட் லேக் சிட்டிக்கோ விமானத்தில் போய் வண்டி வாடகைக்கு எடுத்து இரண்டே வாரத்தில் முடித்துவிடலாம். ஐந்து டிக்கெட்டும் இரண்டு வார மினிவேன் வாடகையும் ஜூலையில் எவ்வளவு வருகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கிழக்குப் பாதி நான்கு நாளை இப்படிப் பிரிப்பது நல்லது: முதல் நாள் ஓஹையோவின் ஏக்ரன் வரை, இரண்டாம் நாள் சிகாகோவைத் தாண்டி ராக்ஃபர்டு வரை, மூன்றாம் நாள் சூ ஃபால்ஸ் வரை. மூன்றும் 430 முதல் 490 மைல். நான்காம் நாள் 275 மைல்தான், பிற்பகலுக்குள் பேட்லேண்ட்ஸ் வந்துவிடும். ஏக்ரன் பக்கத்தில் இருக்கும் கயஹோகா வேலியும் தேசியப் பூங்காதான், நுழைவுக் கட்டணம் இல்லை. பிராண்டிவைன் அருவியைப் பார்த்துவிட்டு நகர்ந்தால் குழந்தைகளுக்கு முதல் நாளே ஒரு பூங்கா கணக்கில் சேரும். சிகாகோவை மாலை நான்கிலிருந்து ஏழு மணிக்குள் தொடாதீர்கள். ஓஹையோ, இந்தியானா, இல்லினாய் சுங்கச் சாலைகளில் உங்கள் ஈஸி-பாஸ் வேலை செய்யும். அரோராவில் பாலாஜி கோயில் இருக்கிறது. மளிகையில் விட்டுப்போனதை அந்த வட்டாரத்திலேயே வாங்கி முடித்துவிடுங்கள். அதற்கப்புறம் டென்வர் பக்கம் வரும்வரை இந்தியக் கடையை நம்பித் திட்டம் போடக் கூடாது.

கிழக்கிலிருந்து வரும்போது ஐ-90இல் 131ஆம் எக்ஸிட்டில் இறங்கி பேட்லேண்ட்ஸ் லூப் சாலையில் போய், வால் என்ற ஊரில் 110ஆம் எக்ஸிட்டில் திரும்ப ஏறலாம். பலரும் வால் வரை போய்விட்டுத் திரும்பி வருகிறார்கள், அது வீண். மாலை ஐந்து மணிக்கு மேல் போனால் வெயில் சாய்ந்து மண்ணடுக்குகளின் சிவப்பும் மஞ்சளும் எடுத்துக் காட்டும். அம்மாவுக்கு ஃபாசில் எக்ஸிபிட் நடைபாதை சரியாக இருக்கும்: கால் மைல், பலகைப் பாதை, படி இல்லை. நாட்ச் டிரெய்லில் கட்டை ஏணி ஒன்று உண்டு; 6 வயதுப் பையனை அதில் ஏற்ற வேண்டாம். புல்வெளியில் பாம்பு உண்டு, விரியன் இனத்து ரேட்டில்ஸ்னேக். செருப்பில்லாமல் யாரும் இறங்கக் கூடாது, கையைப் பாறை இடுக்கில் விடக் கூடாது. மவுண்ட் ரஷ்மோருக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, ஆனால் வண்டி நிறுத்த 10 டாலர்; தேசியப் பூங்கா பாஸ் அதற்குச் செல்லாது. கஸ்டர் மாநிலப் பூங்காவுக்கும் செல்லாது, ஆனாலும் அதன் 18 மைல் விலங்குச் சாலை கட்டணத்துக்குத் தகும். ஒருவேளை பயணத்தை ஆகஸ்ட்டுக்குத் தள்ளுவதாக இருந்தால் ஸ்டர்ஜிஸ் மோட்டார் சைக்கிள் திருவிழா தேதியைப் பாருங்கள். ஆகஸ்ட் முதல் பாதியில் பத்து நாள் அந்த வட்டாரத்தில் அறையும் கிடைக்காது, கிடைத்தால் விலையும் கட்டாது.

பிளாக் ஹில்ஸிலிருந்து டெவில்ஸ் டவர் பாறையைப் பார்த்துவிட்டு பஃபலோ என்ற ஊரில் தங்கி, மறுநாள் 16ஆம் எண் சாலையில் பிக்ஹார்ன் மலையைக் கடந்து கோடிக்குப் போங்கள். 14-ஏ சாலையை மேப் காட்டினால் எடுக்க வேண்டாம், அதில் 10 சதவீதச் சரிவு உண்டு. 16ஆம் சாலையும் 9,666 அடி வரை ஏறித்தான் இறங்குகிறது, ஆனால் வளைவுகள் நிதானமானவை. இறங்கும்போது பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வந்தால் பேட் சூடேறி, ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது. கருகல் வாடை வந்தால் அதுதான். கியரை ‘எல்’லுக்கு, ஹைபிரிட் என்றால் ‘பி’க்கு மாற்றி என்ஜினை வண்டியைப் பிடிக்க விடுங்கள். வேகம் கூடும்போது மட்டும் பிரேக்கை அழுத்தமாக மிதித்துக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிட வேண்டும்.

யெல்லோஸ்டோனுக்கு நான்கு இரவு கேட்பது ஆடம்பரம் இல்லை. உள்ளே இருக்கும் வட்டச் சாலை எட்டு வடிவத்தில் 142 மைல். வேக வரம்பு பெரும்பாலும் 45, ஆனால் ஒரே ஒரு காட்டெருமை சாலையின் நடுவில் நின்றால் முக்கால் மணி நேரம் நகர முடியாது. பூங்காவுக்குள்ளேயே இருக்கும் கேன்யன் வில்லேஜிலிருந்து ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்று வெறும் 40 மைல்தான்; ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் செய்யும் தவறு ஒரே இடத்தில் நான்கு இரவும் தங்குவது. கிழக்கு வாசலில் நுழைகிறவர்கள் முதல் இரண்டு இரவைக் கேன்யன் அல்லது ஏரிப் பக்கமும், அடுத்த இரண்டை ஓல்ட் ஃபெய்த்ஃபுல் அல்லது வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊரிலும் வைத்தால் ஒரே சாலையில் மறுபடி மறுபடி போக வேண்டியிருக்காது. கோடியில் இருந்துகொண்டு தினமும் வந்து போகலாம் என்று சிலர் சொல்வார்கள். கிழக்கு வாசலுக்கே 52 மைல், அங்கிருந்து ஏரிக்கு மேலும் 27 மைல். வேண்டாம்.

நேரம் பார்த்துப் போவதில்தான் அங்கே எல்லாம் இருக்கிறது. விலங்குக்கு விடியற்காலை: ஹேடன் வேலி, லமார் வேலி இரண்டுக்கும் ஐந்து மணிக்கே கிளம்ப வேண்டும், காலை எட்டுக்குள் திரும்பலாம். குழந்தைகளை இரவு உடையோடே தூக்கி வண்டியில் போட்டுவிடுங்கள், அங்கே போய் எழுப்பிக்கொள்ளலாம். கிராண்ட் பிரிஸ்மேட்டிக் நீரூற்றுக்கு நேர்மாறு. குளிர்ந்த காலையில் ஆவி எழுந்து மூடிவிடும், வந்தவர்கள் வெள்ளைப் புகையைப் படம் பிடித்துவிட்டுப் போவார்கள். நல்ல வெயில் ஏறிய பிறகு, நண்பகலுக்கு மேல் போனால்தான் வெப்பம் தாங்கும் பாக்டீரியாக்கள் தரும் ஆரஞ்சும் மஞ்சளும் தெரியும். மேலிருந்து பார்க்கும் இடத்துக்கு ஃபேரி ஃபால்ஸ் நிறுத்தத்திலிருந்து 0.6 மைல் நடந்து 105 அடி ஏற வேண்டும். அம்மாவின் முழங்காலுக்கு அது வேண்டாம், கீழே இருக்கும் பலகைப் பாதை சமதளம். ஓல்ட் ஃபெய்த்ஃபுல் சராசரியாக ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை பீறிடும். அடுத்தது எப்போது என்று பார்வையாளர் மையத்தில் எழுதிப் போட்டிருப்பார்கள், அதில் பத்து நிமிடம் முன்பின் இருக்கும். மடக்கும் சக்கர நாற்காலி ஒன்றை வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள். அம்மா ‘எனக்கு எதுக்கு அதெல்லாம்’ என்பார். இரண்டாம் நாள் அவரே கேட்பார்.

அங்கே நடக்கும் விபத்துகளில் கரடி பின்வரிசைதான். மனிதரை அதிகம் காயப்படுத்துவது காட்டெருமை. மந்தமாக மேய்ந்துகொண்டிருப்பது போல் நிற்கும், ஆனால் நம்மைவிட மூன்று மடங்கு வேகமாக ஓடக் கூடியது. காட்டெருமை, எல்க் மான் போன்றவற்றிலிருந்து 25 கஜம், கரடி, ஓநாயிலிருந்து 100 கஜம் என்பது சட்டம். அதைவிடப் பெரிய ஆபத்து தரை. வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றியிருக்கும் வெள்ளை மண் மெல்லிய ஓடு, அடியில் கொதிநீர். இதுவரை 20க்கு மேற்பட்டவர்கள் அதில் வெந்து இறந்திருக்கிறார்கள். பலகைப் பாதையில் பல இடங்களில் கைப்பிடிக் கம்பி கிடையாது. 6 வயதுப் பையனின் கையை ஒருவர் எப்போதும் பிடித்திருக்க வேண்டும்; தொப்பி பறந்துபோனால் போனதுதான் என்று இறங்கும் முன்பே சொல்லிவையுங்கள். நடைபாதைகளுக்குப் போனால் கரடி ஸ்பிரே ஒன்று கையெட்டும் இடத்தில் இருக்கட்டும், பைக்குள் இருந்தால் பயனில்லை. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் அதை விட்டுவிட்டுப் போகக் கூடாது, சூட்டில் டப்பா வெடிக்கும். உள்ளே பல கழிப்பறைகள் வெறும் குழிக் கழிப்பறைகள், குழாய் இருக்காது. வண்டியில் ஒரு காலன் தண்ணீரும் ஒரு சின்ன மக்கும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இதை ஆங்கில வழிகாட்டிகள் எழுதுவதில்லை, ஆனால் அம்மாவுக்கு இதுதான் முதல் கவலையாக இருக்கும்.

டீட்டனில் அவசரமே இல்லை. ஜென்னி ஏரிப் படகு, ஸ்னேக் ஆற்றங்கரை, குழந்தைகளுக்கு ஜூனியர் ரேஞ்சர் புத்தகம். இரண்டு இரவு போதும். ராக்கி மவுண்டனைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உயரம். டிரெய்ல் ரிட்ஜ் சாலை 12,183 அடி வரை ஏறுகிறது, அந்த உயரத்தில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. நியூ ஜெர்சியிலிருந்து நேரே விமானத்தில் வந்து மறுநாள் ஏறினால் தலைவலியும் குமட்டலும் வருவது சகஜம். இந்தப் பாதையில் பிளாக் ஹில்ஸ் பக்கத்து ரேப்பிட் சிட்டி 3,200 அடி, கோடி 5,000 அடி, யெல்லோஸ்டோன் 7,500 முதல் 8,000 அடி என்று உடம்பு பத்து நாளுக்கு மேலாகப் பழகியிருக்கும். ஆனாலும் வயதானவர், ரத்த அழுத்தம் உள்ளவர் 12,000 அடி ஏறலாமா என்பதை இணையத்தில் பதில் எழுதும் யாரும் சொல்லக் கூடாது. அவருடைய இதயத்தையும் நுரையீரலையும் பார்த்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நான் சொல்லக் கூடியது இவ்வளவே: மேலே போய் தலைவலி, மூச்சுத் திணறல், தடுமாற்றம் எது வந்தாலும் மாத்திரை தேடிக்கொண்டிருக்காமல் உடனே கீழே இறங்குங்கள். கோடையில் மதியத்துக்கு மேல் அங்கே இடி இடிக்கும், மரமே இல்லாத மேட்டில் மின்னலுக்கு நீங்கள்தான் உயரமான பொருள். காலை பதினொன்றுக்குள் ஏறி இறங்கிவிட வேண்டும். டீட்டனிலிருந்து எஸ்டஸ் பார்க் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் நடுவில் ராலின்ஸில் ஒரு இரவு. லாரமியில் தங்க நினைத்தால் ஒரு எச்சரிக்கை: ஜூலையின் பின்பாதியில் பத்து நாள் பக்கத்து ஊரான ஷையனில் ஃபிரான்டியர் டேஸ் திருவிழா, அதன் நெரிசல் லாரமி வரை வரும்.

வண்டிக்கு வருவோம். மினிவேன்தான், சந்தேகமே வேண்டாம். 5,000 மைலுக்கு, காலனுக்கு 25 மைல் தரும் மினிவேன் 200 காலன் குடிக்கும். 9 மைல் தரும் ஆர்.வி. 555 காலன் குடிக்கும். அதற்கு மேல் நாள் வாடகை, மைலுக்குத் தனிக் கட்டணம், ஒவ்வொரு இரவும் மின்சார வசதியுள்ள இடத்துக்கான வாடகை. பல ஆர்.வி.க்களில் பின்னிருக்கை பக்கவாட்டாக இருக்கும், அதில் பூஸ்டர் சீட் பொருத்தக் கூடாது. நியூ ஜெர்சி சட்டப்படி 8 வயதும் 57 அங்குல உயரமும் தொடாத பிள்ளைக்குப் பூஸ்டர் தேவை. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறினாலும் பையனைப் பூஸ்டரிலேயே வைத்திருந்தால் எங்கும் சிக்கல் இல்லை. வயோமிங்கில் ஐ-80இல் அடிக்கும் குறுக்குக் காற்றில் உயரமான வண்டியை முதல் முறை ஓட்டுகிறவர் திண்டாடிப்போவார். பின்னொரு நாள் ஸையானுக்கு ஆர்.வி.யில் போகலாம் என்று நினைத்தால், 11 அடி 4 அங்குல உயரத்தையோ 7 அடி 10 அங்குல அகலத்தையோ தாண்டும் வண்டிக்கு அங்குள்ள 1930ஆம் ஆண்டுச் சுரங்கப் பாதை கிடையாது என்று வைத்தே பாதையைப் போடுங்கள்.

கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. டயர் பட்டையின் ஆழம்: கால் டாலர் காசைத் தலைகீழாகப் பள்ளத்தில் செருகினால் வாஷிங்டனின் உச்சந்தலை மறைய வேண்டும், மறையாவிட்டால் டயர் மாற்றுங்கள். காற்றழுத்தத்தை வண்டி ஓடாத காலை நேரத்தில் பாருங்கள், சுமை ஏற்றிய வண்டிக்குக் கதவோரத்து ஸ்டிக்கரில் இருக்கும் எண்தான் சரி. உங்கள் மினிவேனில் ஸ்டெப்னி இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். இப்போது பல வண்டிகளில் பசையும் சின்ன பம்பும் மட்டும்தான் இருக்கும். டயரின் பக்கவாட்டு கிழிந்தால் பசை உதவாது. இன்னொன்று பெரும்பாலானவர்கள் கவனிக்காதது: தெற்கு டகோட்டாவின் மேற்குப் பகுதி, வயோமிங், கொலராடோவில் ‘ரெகுலர்’ என்று விற்பது 85 ஆக்டேன். கார்புரேட்டர் காலத்தில் உயரமான இடத்துக்கு அது போதுமானதாக இருந்தது, இன்றைய வண்டியின் கையேடு 87 கேட்கிறது. அங்கே நடுப் பொத்தானை அழுத்துங்கள். பம்பைப் பார்க்காமல் அவசரத்தில் பச்சைக் கைப்பிடியை எடுத்துவிடாதீர்கள், அது பெரும்பாலும் டீசல்.

சாப்பாடு. காரில் 12 வோல்ட் சாக்கெட்டில் ரைஸ் குக்கர் போடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த சாக்கெட்டின் ஃபியூஸ் 10 அல்லது 15 ஆம்பியர், அதாவது 120 முதல் 180 வாட். சின்ன குக்கரே 300 வாட் கேட்கும், இன்வெர்ட்டர் வைத்து இணைத்தால் ஃபியூஸ்தான் போகும். நெடுஞ்சாலை விடுதி அறைகளில் குக்கரை விசாரித்துவிட்டுப் போடலாம், ஆனால் தாளிக்காதீர்கள். கடுகு வெடித்த புகைக்கு அலாரம் அலறும், விடுதியே வெளியே வந்து நிற்கும். தாளித்த புளிக்காய்ச்சல், வத்தக்குழம்பு, பருப்புப் பொடி எல்லாம் வீட்டிலேயே செய்து எடுத்துவிடுங்கள். யெல்லோஸ்டோனின் உள்ளே அறைகளில் சமைப்பதை மறந்துவிட்டு, பிக்னிக் இடங்களில் சிறிய கேஸ் அடுப்பை வைத்துச் சமையுங்கள். அங்கே தண்ணீர் 92 செல்சியஸிலேயே கொதித்துவிடும், அதனால் திறந்த பாத்திரத்தில் சோறு நேரம் பிடிக்கும், பருப்பு மணிக்கணக்கில் வைத்தாலும் சரியாக வேகாமல் நிற்கும். சின்ன பிரஷர் குக்கர் ஒன்று இருந்தால் வழக்கத்தைவிடக் கூடுதலாக இரண்டு விசிலில் முடியும். ஐந்து பேருக்கு ஒரு வேளைக்குக் குக்கர் கப்பில் மூன்று கப், ஏறக்குறைய 450 கிராம் அரிசி. தினம் ஒரு வேளை என்றால் 20 பவுண்டு மூட்டை ஒன்று போதும்.

தயிர் சாதம்தான் காப்பாற்றும், கெடுப்பதும் அதுதான். 40 பாரன்ஹீட்டுக்கு மேல் இரண்டு மணி நேரம், 90க்கு மேல் வெயிலில் ஒரு மணி நேரம், அதற்கு மேல் இருந்தால் கொட்டிவிடுங்கள். ஐஸ் பெட்டியில் சின்னக் கட்டிகளைவிடப் பெரிய பாளம் அதிக நேரம் தாங்கும். ஒரு தெர்மாமீட்டரை உள்ளே போட்டுவைத்தால் ஊகிக்க வேண்டாம். ஊறுகாய் பாட்டிலை நியூ ஜெர்சியில் இறுக்கி மூடிவிட்டு 8,000 அடியில் திறந்தால் எண்ணெய் பொங்கிச் சட்டையில் வழியும், சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பும். ஊறுகாயை ஒரு கவருக்குள் வைத்து, மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள். பிக்னிக் மேசையில் பெட்டியை வைத்துவிட்டுக் கழிப்பறைக்குக்கூட எல்லோரும் சேர்ந்து போகாதீர்கள். உணவுப் பெட்டியும் எச்சில் தட்டும் கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் இருக்க வேண்டும், கரடிக்காக அங்கே அபராதம் உண்டு.

பாஸ் விஷயத்தில் 2026 ஜனவரி 1 முதல் விதி மாறியிருக்கிறது. ஆண்டு பாஸ் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு 80 டாலர், மற்றவர்களுக்கு 250. ஆண்டு பாஸ் இல்லாத வெளிநாட்டவர் 11 பெரிய பூங்காக்களில் வழக்கமான கட்டணத்துக்கு மேல் ஆளுக்கு 100 டாலர் தர வேண்டும். உங்கள் பாதையில் யெல்லோஸ்டோன், டீட்டன், ராக்கி மவுண்டன் மூன்றும் அந்தப் பட்டியலில் உண்டு, பேட்லேண்ட்ஸ் இல்லை. வசிப்பிடத்துக்குச் சான்று அமெரிக்க அரசு தந்த படத்தோடு கூடிய அடையாள அட்டை. நியூ ஜெர்சி லைசென்ஸ் உள்ளவர் வாசலில் வண்டிக்குள் இருக்க வேண்டும். உங்கள் பாஸில் அம்மாவும் அடங்குவாரா என்பதைக் கிளம்பும் வாரத்தில் தேசியப் பூங்கா சேவையின் இணையப் பக்கத்தில் படித்துவிடுங்கள், அடங்காவிட்டால் கூடுதல் செலவின் உச்சம் 250 டாலர். 62 வயதானவருக்கான சீனியர் பாஸ் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும்தான். உங்கள் மகளால் ஒரு லாபம் உண்டு. நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தரும் இலவசப் பாஸ் அந்தப் படிப்பு ஆண்டின் ஆகஸ்ட் 31 வரை செல்லும். ஜூலைப் பயணத்துக்கு அது சரியாகப் பொருந்துகிறது. இணையத்தில் எடுத்துக் காகிதத்தில் அச்சிட்டுக்கொள்ளுங்கள். அம்மாவின் பாஸ்போர்ட், ஐ-94 (அமெரிக்க வருகைப் பதிவு) அச்சுப்பிரதி, மருத்துவக் காப்பீட்டு அட்டை, மாத்திரைப் பெயர்கள் எழுதிய தாள் நான்கும் ஒரே கவரில் இருக்கட்டும். காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு என்ன வரம்பு என்று வரி வரியாகப் படியுங்கள்.

யெல்லோஸ்டோனின் உள் விடுதிகள் ஓராண்டு முன்பே நிரம்பிவிடுகின்றன, இப்போது பார்த்தால் இல்லை என்றே காட்டும். சோர்ந்துவிடாதீர்கள், ரத்தானவை ஒன்றிரண்டாகத் தினமும் திரும்ப வருகின்றன. தேதிகளைச் சேர்த்துத் தேடாமல் ஒவ்வொரு இரவாகத் தேடினால் அகப்படும். முதலில் வெஸ்ட் யெல்லோஸ்டோனில் ரத்து செய்யக் கூடிய அறையை எடுத்துவைத்துவிட்டு, உள்ளே கிடைத்ததும் மாற்றிக்கொள்ளுங்கள். ராக்கி மவுண்டனில் கோடைக்கு நேர முன்பதிவு முறை சில ஆண்டுகளாக இருக்கிறது. முந்தைய மாதம் முதல் தேதியில் திறப்பது வழக்கம், இந்த ஆண்டு விதியை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அலைபேசி சிக்னல் பூங்காக்களுக்குள் பல இடங்களில் இருக்காது, மேப்பையும் பூங்கா சேவையின் செயலியையும் முன்கூட்டியே ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ள வேண்டும்.

யாராலும் உறுதி சொல்ல முடியாதது காட்டுத்தீப் புகை. ஜூலை நடுவிலிருந்து அது எந்த வாரமும் வரலாம், நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் எரிவதுகூட டீட்டன் மலையை மறைத்துவிடும். அதனால் முன்பணம் திரும்பக் கிடைக்காத அறை எதையும் எடுக்காதீர்கள். ஏர்நவ் தளத்தில் காற்றுத் தர எண் 150ஐத் தாண்டினால் அம்மாவும் குழந்தைகளும் வெளியே நடக்க வேண்டாம். என்95 முகக்கவசம் ஆளுக்கு இரண்டு வண்டியில் இருக்கட்டும். மேற்கே புகை மோசமாக இருந்தால் பிளாக் ஹில்ஸிலேயே இரண்டு இரவு கூட்டிக்கொண்டு யெல்லோஸ்டோனைப் பின்னுக்குத் தள்ளலாம், அதற்காகத் தேவைப்பட்டால் விடும் இரண்டு நாளாக எஸ்டஸ் பார்க்கை வைத்துக்கொள்ளுங்கள். அந்த அறையை எந்தத் தேதி வரை கட்டணமில்லாமல் ரத்து செய்யலாம் என்பதை மட்டும் காலண்டரில் குறித்துவையுங்கள்.